கோட்டைக்குள்ள ஆக்கள் இருக்கணும்

காலிக் கோட்டைக்குப் போற நம்மட ஆக்கள் பெரும்பாலும் மதில்ல நின்று செல்பி எடுத்துட்டுத் திரும்பிடுறாங்க. கொஞ்சம் உள்ளே நடந்து பாருங்க. 1588இல் போர்த்துக்கேயர் தொடங்கி, 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெரிதாக்கிய அந்த மதிலுக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில், பார்வைக்குத் தேவாலயம் போலிருக்கும் மீரான் பள்ளியில் பாங்கு கேட்கும். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது இந்த ஊரை.

ஆனால் வீடுகள் ஒவ்வொன்றாக ஹோட்டலாகவும் கபேயாகவும் மாறுகின்றன. நல்ல விலை வந்தால் விற்கிறவங்களைக் குறைசொல்ல ஏலாது. பிரான்சின் கார்கசோன் கோட்டைக்குள் கடைகள் நிறைய, குடியிருப்பவர்கள் மிகக் கொஞ்சம். காலியும் அப்படி ஆகிடக் கூடாது.

மதிலைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கு. பழைய வீட்டைத் திருத்தி அதிலேயே இருக்க நினைக்கிற குடும்பத்துக்கும் அரசு காசு கொடுக்கணும். தொழுகைக்கு வர ஆளில்லாட்டி மீரான் பள்ளியும் படம் எடுக்கிற கட்டடம்தான்.