ஏறி இறங்கினால் போதுமா?

பழைய பாய்மரப் படகுகளை நேசிப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: நடுத்தகடு ஏறி இறங்கினால் பழுதில்லை. இதை நாம் ஏற்பதற்கில்லை.

ஆழமற்ற நீரில் மேலே இழுத்துக்கொள்ளவும், ஆழ்கடலில் இறக்கிக் காற்றின் பக்கவாட்டுத் தள்ளலை எதிர்க்கவும் உதவுவது இத்தகடு. ஒலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்த ‘ஃபினிஸ்டெர்’ 1956, 1958, 1960 என அடுத்தடுத்து மூன்று பெர்முடா பந்தயங்களை வென்றது நடுத்தகட்டுடன்தான்.

ஆனால் அந்தக் கனமெல்லாம் பெரும்பாலும் ஒரு சுழல் ஆணியையும் ஒரு கம்பிவடத்தையும் நம்பியே தொங்குகிறது. ஆணி தேயும், அதன் துளை நீள்வட்டமாகும், வடத்தின் இழைகள் ஒவ்வொன்றாக அறும். எஃகுத் தகடாயின் துரு பருத்து உறைக்குள் இறுகும். இவை எவையும் மேல்தளத்தில் நிற்பவர் கண்ணுக்குப் படுவதில்லை. தகடு ஏறி இறங்குவது, வடம் இன்னும் அறவில்லை என்பதற்கு மட்டுமே சான்று.

ஆகவே ஆண்டுக்கொருமுறை, தகடு முழுதும் இறங்குமளவு உயரத்தில் படகைத் தூக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து. பக்கவாட்டில் அசைத்தால் ஆணியின் தேய்மானம் கைக்குத் தெரிந்துவிடும். ஆணியைக் கழற்றுமுன் தகட்டுக்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும். இல்லையேல் கீழே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

மேல்தளத்துக்கு வார்னிஷ் பூசுவதில் காட்டும் அக்கறையில் பாதி போதும். நடுக்கடலில் வடம் அறுந்து தகடு விழுந்தால் உறை பிளந்து நீர் புகக்கூடும். அங்கே வார்னிஷின் பளபளப்பு எவரையும் காப்பதில்லை.