கழுத்தா, பிடியா? 'காலெட்' என்னும் கலைச்சொல் குறித்து

1961ஆம் ஆண்டில் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. அதே ஆண்டில் தில்லியில் அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் அமைந்தது. ஒன்று பொருள் செய்ய, மற்றொன்று பெயர் செய்ய. இவ்விரு வேலைகளுக்கும் இடையே உள்ள தொலைவை அளக்க, 'காலெட்' என்ற சிற்றுறுப்பு ஒன்றே போதும்.

கடிகாரத்தில் அது ஊசித்துளை அளவேயான ஒரு பிளவுபட்ட பித்தளை வளையம். சமநிலைச் சக்கரத்தின் அச்சில் இறுக்கமாகச் செருகப்பட்டு, மயிரிழைச் சுருள்வில்லின் உள்முனையைப் பற்றிக்கொள்கிறது. ஆணியோ திருகோ அதை அச்சோடு பிணைப்பதில்லை, உராய்வே பிணைப்பு. ஆகவேதான் பழுதுபார்ப்பவர் அதை இம்மியளவு திருப்பி, 'டிக்' ஒலிக்கும் 'டக்' ஒலிக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய முடிகிறது. கடைசல் இயந்திரத்திலோ அது நீளவாக்கில் கீறப்பட்ட எஃகுக் குழல். அதன் கூம்பு வடிவப் புறத்தை மற்றொரு கூம்புக்குள் இழுத்தால் எல்லாப் பக்கமும் ஒருசேரச் சுருங்கி, தண்டை மையம் பிசகாமல் பிடிக்கும், தளர்த்தினால் விட்டுவிடும். நகையிலோ கல்லைச் சுற்றி எழும் உலோகச் சுவர். அதன் விளிம்பை மடித்து அழுத்திய பின் விடுவதென்ற பேச்சே இல்லை.

உராய்ந்து பிடித்தல், பிடித்து விடுதல், விடாது பிடித்தல் என வினை மூன்று, சொல் ஒன்று. பிரெஞ்சு மொழியில் கழுத்தைக் குறிக்கும் சொல்லின் சிறுமை வடிவம் அது. (அதன் இலத்தீன் மூலம் 'கொல்லும்' என்று ஒலிப்பது தமிழ்க் காதுக்குச் சற்று அச்சமூட்டும்.) வேர்ப்பொருளைப் பெயர்த்துக் 'கழுத்துப்பட்டை' என்று ஆக்குவது எளிது; பிழையும் அதுவே. பெயர் பிறந்த காலத்தின் உருவ ஒப்புமையைக் காப்பாற்றி, இன்று கருவி செய்யும் வேலையை அது கைவிடுகிறது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழி இயந்திரப் பொறியியலைத் தொடங்கியது. அப்படிப் பயிலும் மாணவர் பணிமனையில் 'கழுத்துப்பட்டை' கேட்டால், கருவியறைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்?

ஒலிபெயர்ப்பு மொழியை வறுமைப்படுத்தும் என்ற எதிர்வாதத்தைப் புறந்தள்ளலாகாது. ஆனால் அது மூன்று தொழில்களுக்கும் ஒரே அளவில் பொருந்துவதன்று. இயந்திரப் பணிமனையும் கடிகாரமும் இங்கு வந்தபோதே தம் பெயர்களையும் கொண்டுவந்தன. அங்கே 'காலெட்' இருக்கட்டும். நகைத்தொழில் அவ்வாறு வந்ததன்று. ராஜஸ்தானத்துக் குந்தன் வேலையில், முன்கூட்டிச் செய்த சுவரே கிடையாது. தூய பொற்றகட்டை அரக்கின் மேல் அமர்த்திய கல்லைச் சுற்றித் திணித்துத் திணித்தே சுவர் உருவாகிறது. அதற்குக் 'காலெட்' என்று பெயரிடுவது வேறொரு தொழில்நுட்பத்தை அதன்மேல் ஏற்றுவதாகும். தமிழ்ப் பொற்கொல்லரிடம் கல் பதித்தலின் ஒவ்வொரு படிக்கும் சொல் உண்டு. அகராதிக்குழு முதலில் அமர வேண்டிய இடம் அந்தப் பட்டறை. ஆங்கில அகரவரிசையில் 'காலெட்' வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.