கூண்டிற் பிறக்கும் குழவிகள்

ஒஸ்லோ நகரில் யானை இல்லை. நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலையில் ‘யா’ என்னும் எழுத்தோடு படித்த யானையை உயிருடன் காண விரும்பினால் கொப்பன்ஹேகன் போன்ற அயல்நாட்டு நகரொன்றுக்குச் செல்லவேண்டும். கோடை விடுமுறையில் அவ்வாறு சென்றுவரும் குடும்பங்கள் பல. கொப்பன்ஹேகன் மிருகக்காட்சிசாலையில், பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நோர்மன் பொஸ்ரர் வடிவமைத்து 2008 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட யானையில்லம் கண்ணாடிக் குவிமாடங்களுடன் விளங்குகின்றது. ஆசிய யானைகள் அங்கே குட்டியும் ஈன்றுள்ளன. சென்று திரும்பிய தந்தையார் ஒருவர் எம்மிடம் சொன்னார்: “நேரத்துக்குச் சாப்பாடு, பக்கத்திலேயே டொக்டர், பனிக்குச் சூடு. ஊரிலை எண்டால் வெடி வைச்சுச் சாக்காட்டியிருப்பாங்கள். யானைக்கு இதைவிட என்ன வேணும்?”

இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட இயலாது. பாதுகாப்பை நாடிக் கடல் கடந்து வந்த நாம், பாதுகாப்பைப் பெரிதென மதிப்பவரைக் குறை கூறுவது எங்ஙனம்? அவர் சொன்னதில் உண்மையும் உண்டு. இலங்கையில் 2023 ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதர் மாண்டனர். துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்வேலி, புகையிரதம், இவற்றோடு தீனியுள் மறைத்து வைக்கப்பட்டு வாயில் வெடிக்கும் ‘ஹக்கபட்டாஸ்’ என யானையின் சாவுக்கு வழிகள் பல. வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஓரிரவில் விளைந்த வயலை இழந்த கமக்காரனிடம் யானையின் பெருமை பேசிப் பயனில்லை என்பதையும் நாம் அறிவோம்.

ஆயினும் ஒரு கணக்கு நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கின்றது. 2008 ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ரொஸ் கிளப், ஜோர்ஜியா மேசன் ஆகியோரும் பிற ஆய்வாளரும் 4,500க்கு மேற்பட்ட யானைகளின் பதிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளிற் பிறந்த ஆசியப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டுகள், அதாவது பாதி யானைகள் அவ்வயதைத் தாண்டவில்லை. மியன்மாரின் மர வேலைக் கூப்புகளிற் பிறந்த யானைகளுக்கோ அது 41.7 ஆண்டுகள். மரம் இழுத்துத் தேயும் யானை, உழைப்பின்றி உண்ணும் யானையைப் போல் இருமடங்கு காலம் வாழ்ந்திருக்கின்றது! அக்கணக்கிற் பழைய காலத்துப் பராமரிப்பும் சேர்ந்துள்ளது, இப்போது நிலைமை திருந்திவிட்டது எனக் காப்பாளர்கள் மறுமொழி கூறினர். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அதே ஆய்வு கண்ட இன்னொரு செய்தியை நம் மக்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். ஆசிய யானையை ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்கு மாற்றினால் அது இறக்கும் அபாயம் கூடுகின்றது. அவ்வபாயம் சில ஆண்டுகள் நீடிக்கின்றது. உணவு குறையவில்லை, வைத்தியம் குறையவில்லை, வேறேதோ குறைகின்றது.

அது என்னவென்று அறியப் பிடிகளின் குடும்பத்தைப் பார்த்தல் வேண்டும். காட்டிற் பிறந்த பிடி தன் தாயை விட்டுப் பிரிவதில்லை. தாய், பாட்டி, பெரியம்மா, சின்னம்மா, மச்சாள் எனத் தாய்வழிக் கூட்டமாகவே அது முதுமை எய்துகின்றது; களிறுதான் வளர்ந்தபின் விலகிப் போகும். கன்று ஈனுவதையும் பாலூட்டுவதையும் இளம்பிடி மூத்தவர்களைப் பார்த்தே அறிகின்றது. தொல்காப்பிய மரபியல் யானையின் இளமைக்குக் ‘குழவி’ என்னும் பெயரையும் உரிமையாக்குகின்றது. நம் வீட்டுத் தொட்டிலிற் கிடப்பதற்கும் அதுவே பெயர். இலக்கணகாரர் காரணமின்றிச் சொல்லார்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகள் பல, களிறுகளுக்கு அஞ்சிப் பிடிகளை மட்டுமே வைத்திருந்தன. எனவே பிறப்பும் அரிதாயிற்று. யானையின் சூல் ஏறத்தாழ 22 மாதங்கள். கருத்தரிக்கத்தக்க நாட்களோ ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வரும் சில நாட்கள் மட்டும். இருபது வயதுக்கு மேலும் கன்று ஈனாதிருந்த பிடியின் கருப்பையிற் கட்டிகள் தோன்றிப் பிள்ளைப்பேறு கடினமாகிவிடுகின்றது. இதனைச் சமாளிக்கச் செயற்கைமுறைச் சினைப்படுத்தலைக் கையாண்டனர். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள டிக்கர்சன் பார்க் மிருகக்காட்சிசாலையில் 1999 ஆம் ஆண்டில் அவ்வாறு பிறந்த கன்று சில ஆண்டுகளிலேயே இறந்தது. கொன்றது, இளம் ஆசிய யானைகளைத் தாக்கும் ஒருவகை ஹேர்ப்பிஸ் வைரசு. அதே வைரசு 2022 கோடையில் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் உமேஷ், ஒமிஷா, றுவானி என்னும் மூன்று இளம் யானைகளைச் சில வாரங்களுக்குள் கொண்டுபோயிற்று. உமேஷுக்கு வயது இரண்டு. நம்மவர் பிள்ளைகளுக்கு இடும் பெயரே அது. அந்நகரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்த யானைகளாகவும் அவை இருந்திருக்கலாம். 2024 ஜூனில் அமெரிக்காவின் ஹூஸ்ரன் மிருகக்காட்சிசாலை இந்நோய்க்கெதிரான புதிய தடுப்பூசியொன்றை முதன்முதலாக யானைக்கு ஏற்றியுள்ளது என்பது ஆறுதலான செய்தி.

யானையைக் கடல் கடத்தும் தொழில் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. அதில் நம் குடாநாட்டுக்கும் பங்குண்டு. வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு நடத்தி வரப்பட்டு, ஊர்காவற்றுறையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டன. போர்த்துக்கேயர் அதனை யானைத்துறை என்று தம் மொழியில் அழைத்ததாலேயே கயிற்ஸ் என்னும் பெயர் வந்தது என்பர். இலங்கையிற் பிறந்து ஒல்லாந்து சென்ற ஹான்ஸ்கன் என்னும் பிடியை 1637 ஆம் ஆண்டில் ஓவியர் றெம்பிரான்ட் வரைந்தார். ஐரோப்பிய நகரங்கள் தோறும் வித்தை காட்டித் திரிந்த அது 1655 ஆம் ஆண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இறந்தது. அதன் எலும்புக்கூடு இன்றும் அங்கேயே உள்ளது. ஆசிய யானை என்னும் இனத்துக்கு விஞ்ஞானிகள் கொள்ளும் மூல மாதிரியும் அதுவே.

பின்னர் ஹம்பேர்க்கின் மிருக வணிகர் கார்ல் ஹேகன்பெக், 1880களில் இலங்கை யானைகளை மட்டுமன்றி இலங்கை மனிதரையும் அழைத்துச் சென்று ஐரோப்பாவிற் காட்சிப்படுத்தினார். ஐரோப்பியர் இதனை வெகுகாலம் விநோதமாகக் கருதவில்லை. நாம் மாலை வேளையில் உலாவும் இதே ஒஸ்லோவின் புறொக்னர் பூங்காவில், 1914 ஆம் ஆண்டுக் கண்காட்சியில், ஆபிரிக்க மக்களை ‘கொங்கோ கிராமம்’ என்று வேலிக்குள் வைத்துக் காட்டினர். கார்லின் உறவினரான ஜோன் ஹேகன்பெக் கொழும்பில் வாழ்ந்து நடத்திய மிருகத் தொழிலின் எச்சமே, 1936 ஆம் ஆண்டில் அரசு பொறுப்பேற்ற தெகிவளை மிருகக்காட்சிசாலை. நம்மில் எத்தனை பேர் பாடசாலைச் சுற்றுலாவில் அங்கு யானை நடனம் பார்த்துக் கைதட்டினோம்!

அரசுகளுக்கு யானை ஒரு பரிசுப் பொருளாகவும் ஆயிற்று. 1985 ஆம் ஆண்டில் இலங்கை பாகிஸ்தானுக்கு அளித்த கன்று காவன், இஸ்லாமாபாத்தில் வளர்ந்தது. துணையாயிருந்த சஹேலி 2012 ஆம் ஆண்டில் இறந்தபின் தனியே நின்று தலையை ஆட்டியாட்டிக் காலம் கழித்தது. 2020 ஆம் ஆண்டில் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் அதனை விடுவிக்கக் கட்டளையிட, நவம்பர் இறுதியில் விமானம் மூலம் கம்போடியா சேர்ந்தது. அங்கே எட்டு ஆண்டுகளின் பின் முதன்முறையாக இன்னொரு யானையின் துதிக்கையைத் தன் துதிக்கையால் தொட்டது. மணிலாவுக்குப் பரிசாகச் சென்ற இலங்கைப் பிடி மாலிக்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1990 ஆம் ஆண்டு முதல் தனியே நின்று 2023 நவம்பரில் அது மாண்டது.

இலங்கையின் பின்னவல யானைகள் சரணாலயம் அநாதைக் குட்டிகளுக்காக 1975 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1984 ஆம் ஆண்டில் முதற் கன்று பிறந்தது முதல் இனப்பெருக்க நிலையமாகவே மாறிவிட்டது. 2021 ஆகஸ்ட் மாத இறுதியில் சுரங்கி என்னும் பிடி அங்கு இரட்டைக் களிற்றுக் கன்றுகளை ஈன்றபோது உலகமே வியந்தது. நாமும் மகிழ்ந்தோம். எனினும் அங்கு பிறந்தவை எங்கே போகின்றன? சில விகாரைகளுக்கு, சில வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைகளுக்கு. எஞ்சியவை உல்லாசப் பிரயாணிகள் பார்க்க ஆற்றுக்குப் போய் வருகின்றன. ஐரோப்பாவில் நடக்கும் இனப்பெருக்கமும் காட்டைக் காப்பதற்கே என்கின்றார்கள். அங்கு பிறந்த கன்று ஆசியக் காட்டுக்குத் திரும்பி நாம் கேள்விப்படவில்லை. கூண்டுக்கு யானை வேண்டுமென்பதற்காகவே கூண்டில் யானை பிறக்கின்றது என்பது எமது கருத்து. தாயையும் மகளையும் பிரியாது ஒன்றாகவே இடம் மாற்றவேண்டும் என்று அங்குள்ள காப்பாளர்கள் இப்போது கொள்ளும் விதியை மட்டும் மனமார வரவேற்கின்றோம்.

ஆகவே அந்தத் தந்தையாருக்கு நாம் கூறியது உடவளவையைப் பற்றி. அங்கே 1995 ஆம் ஆண்டில் வனசீவராசிகள் திணைக்களம் யானைக் குட்டிகளுக்கான இடைத்தங்கல் நிலையம் ஒன்றை அமைத்தது. தாயை இழந்த குட்டிகளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பார்கள். பார்க்க வருவோர் எட்டவே நிற்கவேண்டும். தொடவோ படம் எடுக்க அருகே போகவோ இடமில்லை. மனிதரிடம் பழகிவிட்டாற் காடு பழகாது என்பதே காரணம். குட்டிகள் தமக்குள்ளேயே கூட்டாளிகளைத் தேடிக்கொள்கின்றன. ஏறத்தாழ ஐந்து வயதானதும் தனித்தனியாக அல்ல, கூடி வளர்ந்தவற்றை ஒரே தொகுதியாகக் காட்டில் விடுகின்றார்கள். இதுவரை நூற்றுக்கு மேற்பட்டவை அவ்வாறு சென்றுள்ளன. கழுத்துப் பட்டியிலுள்ள வானொலிக் கருவியைக் கொண்டு சிலவற்றைப் பின்தொடர்ந்தவர்கள், அப்பிடிகளுட் சில காட்டிலேயே கன்று ஈன்று, வேறு பிடிகள் சூழ நடந்து போவதைக் கண்டிருக்கின்றார்கள்.