‘ஏஐ போர்டு வாங்கித் தாங்கப்பா!’

பள்ளியில் அறிவியல் கண்காட்சி, கல்லூரியில் ஃபைனல் இயர் புராஜெக்ட். இந்த இரண்டு சீசனிலும் வீட்டில் ஒரு புதுக் கோரிக்கை கேட்கும். சைக்கிள் இல்லை, போன் இல்லை. “ரோபோ செய்யணும்ப்பா, ஒரு ஏஐ போர்டு வாங்கித் தாங்க!”

சரி என்று ஆன்லைனில் தேடினால் தலை சுற்றும். ஒன்று சில நூறு ரூபாய். இன்னொன்று இருபதாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. ஆனால் இரண்டின் விளம்பரத்திலும் அதே மூன்று வார்த்தைகள்தான்: ரோபோட்டிக்ஸ், ஐஓடி, ஏஐ. காசு கொடுக்கப்போகும் அப்பா அம்மாவுக்கு எது எதற்கு என்று எப்படித் தெரியும்?

இந்த வகை போர்டுகளில் மிகப் பிரபலமானது ராஸ்பெர்ரி பை. அதன் கதை தெரிந்தால் எதை வாங்கலாம் என்பதும் பாதி புரிந்துவிடும்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களைக் கவனித்துவந்தவர் எபென் அப்டன். 2000-களின் நடுவில் அவருக்கு ஒரு கவலை வந்தது. அந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வந்தவர்களுக்கும் முந்தைய தலைமுறைக்கு இருந்த கைப்பழக்கம் இல்லை. 1980-களில் பிரிட்டன் பிள்ளைகள் ‘பிபிசி மைக்ரோ’ போன்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களில் தாங்களே புரோகிராம் எழுதி வளர்ந்தவர்கள். அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு வீட்டில் இருந்தது கேம் விளையாடும் பெட்டியும், ‘தொடாதே, ஆபீஸ் வேலை இருக்கு’ என்று மிரட்டப்படும் கம்ப்யூட்டரும்தான்.

பிள்ளை கெடுத்தாலும் வீடு பதறாத விலையில் ஒரு கம்ப்யூட்டர். இதுதான் யோசனை. 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. ஏடிஎம் கார்டு அளவு, 256 எம்பி ரேம், விலை 35 டாலர். முதல் தொகுப்பில் தயாரித்தது 10,000 போர்டுகள். வந்த கூட்டத்தில் விற்பனைத் தளங்கள் முடங்கிப்போயின. பெயரில் உள்ள ‘பை’ சாப்பிடும் பை அல்ல, பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியிலிருந்து வந்தது. பழத்தின் பெயர் வைப்பது கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பழைய வழக்கம். ஆப்பிளைச் சொல்லவே வேண்டாம்.

லேப்டாப்பில் இல்லாத ஒன்று இதில் உண்டு. ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் குட்டிக் கம்பிகள். இப்போதைய மாடல்களில் மொத்தம் 40 பின்கள். எல்.இ.டி. விளக்கு, சென்சார் எல்லாவற்றையும் இதில் இணைத்து, பைத்தானில் நான்கு வரி எழுதினால் விளக்கு எரியும். நாம் எழுதிய எழுத்து வெளியுலகில் ஒரு பொருளை அசைப்பதை முதல்முறை பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கெடுப்பதும் இங்கேதான். இந்தப் பின்கள் 3.3 வோல்ட் தாங்கும். தூரம் அளக்க எல்லா ரோபோ காரிலும் வைக்கும் இரண்டு கண் அல்ட்ராசோனிக் சென்சார் திருப்பி அனுப்புவதோ 5 வோல்ட். நேராக இணைத்தால் போர்டுக்கு ஆபத்து. நடுவில் ஒரு கிலோ ஓம், இரண்டு கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர்களை வைத்துப் பிரித்தால் வோல்ட் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். ரெசிஸ்டர் விலை சில்லறைக் காசு. ஓம் விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர்களுக்கு அது எதற்கு என்று இங்கேதான் புரியும். மோட்டாரையும் நேராகப் பின்னில் இணைக்கக் கூடாது. நடுவில் மோட்டார் டிரைவர் வேண்டும்.

திறந்த போர்டு என்ன சொல்லிக்கொடுக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று. 2015-ல் ராஸ்பெர்ரி பை 2 வந்த புதிதில், ஒருவர் அதை ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். போர்டு பட்டென்று அணைந்துவிட்டது. மறுபடி எடுத்தார், மறுபடி அணைந்தது. காரணம், கரண்டைச் சீராக்கும் ஒரு குட்டி சிப் சரியான உறை இல்லாமல் இருந்ததுதான். கேமராவின் செனான் ஃபிளாஷ் வெளிச்சம் சிலிக்கான் மேல் நேராக விழுந்து அதைக் குழப்பிவிட்டது. பிளஸ் டூ இயற்பியலில் வரும் அதே ஒளிமின் விளைவு! வைத்தியம், அந்த சிப் மேல் துளி ஒட்டுக்களிமண். மூடி சீல் வைத்த போனில் இப்படி நடந்திருந்தால், ‘போன் சரியில்லை’ என்று கடைக்குக் கொடுத்திருப்போம். அதோடு கதை முடிந்திருக்கும்.

சரி, ஏஐ?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். கண்காட்சியில் நாம் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ரோபோவைப் பார்த்து அசந்துபோகிறோம். பெரும்பாலும் அதன் மூளை அங்கே இல்லை. நம் குரலை வாங்கி, இன்டர்நெட் வழியாக எங்கோ இருக்கும் பெரிய சர்வருக்கு அனுப்பி, வந்த பதிலைப் படிக்கிறது. போர்டு செய்வது தபால்காரர் வேலை. அதற்கு 2021-ல் 15 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ போதும். மைக், ஸ்பீக்கர் தனியாக வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்டர்நெட் இல்லாமல், கேமரா முன்னால் வருவது மனிதனா, மாடா, பைக்கா என்று அந்த நொடியிலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் மட்டும் கதை வேறு. 2024-ல் ராஸ்பெர்ரி பை 5-க்கென்று வந்த ஏஐ துணை போர்டு, நொடிக்கு 13 லட்சம் கோடி கணக்குகள் போடும் திறன் கொண்டது. விலை 70 டாலர். அதாவது முதல் ராஸ்பெர்ரி பையைப் போல இரண்டு மடங்கு, அதுவும் துணைக்கு மட்டும்! என்விடியாவின் ஜெட்சன் ஒரின் நானோ சூப்பர் இன்னும் வேகம். 2024 டிசம்பரில் அதன் விலை 249 டாலர்.

கோட்டைப் பார்த்து ஓடும் கார், தடை வந்தால் திரும்பும் கார், மண் காய்ந்தால் தண்ணீர் விடும் தொட்டி. இவற்றுக்கெல்லாம் கம்ப்யூட்டரே தேவையில்லை. 4 டாலருக்கு அறிமுகமான ராஸ்பெர்ரி பை பிகோவோ, ஆர்டுயினோவோ தாராளம். இன்னும் சொன்னால், மண் ஈரம் பார்க்கும் சாதாரண அனலாக் சென்சாரைப் பெரிய ராஸ்பெர்ரி பையால் நேராகப் படிக்கவே முடியாது, குட்டி பிகோவால் முடியும். விலை கூடினால் எல்லாம் முடியும் என்பது இங்கே செல்லாது.

இந்த விலை விஷயம்தான் உறுத்துகிறது. 2021 முதல் 2023 வரை சிப் தட்டுப்பாடு வந்தபோது, ராஸ்பெர்ரி பை நிறுவனம் தன் போர்டை நம்பித் தொழில் நடத்தும் கம்பெனிகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. வேலைகள் போய்விடும் என்று காரணம் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் யாருக்காக இது பிறந்ததோ அந்தப் பிள்ளைகள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள். 2024 ஜூனில் நிறுவனம் லண்டன் பங்குச்சந்தைக்கும் வந்துவிட்டது. 2025 டிசம்பரில் இன்னொரு அடி. உலகமெங்கும் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொள்ள, சிப் விலை ஏறியது. 80 டாலராக இருந்த 8 ஜிபி ராஸ்பெர்ரி பை 5, 95 டாலர் ஆனது. ஏஐ கற்றுக்கொள்ள வாங்கும் போர்டின் விலையை ஏஐ-யே ஏற்றிவிட்டது!

விலை ஏற ஏற, வீட்டில் மறுபடியும் அந்தப் பழைய குரல் கேட்கும்: ‘தொடாதே, கெடுத்துடாதே.’ பத்தாயிரம் ரூபாய் போர்டை ஷோகேஸில் வைப்பார்கள். ஐந்நூறு ரூபாய் போர்டில்தான் பிள்ளை துணிந்து ஒயரை மாற்றிச் சொருகும். எனவே என் கட்சி சிறிய போர்டு. ஏஐ, கேமரா எல்லாம் அடுத்த வருஷம், பிள்ளையே காரணம் சொல்லிக் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ரெடிமேடாக விற்கும் புராஜெக்ட்டை வாங்கி மார்க் வாங்குவதைவிட, எரிந்துபோன ஒரு பிகோ எவ்வளவோ மேல்.

இல்லை, முழு ராஸ்பெர்ரி பைதான் வேண்டும் என்றால் மேற்படி செலவையும் கணக்கில் வையுங்கள். மெமரி கார்டு தனி, கீபோர்டு, மவுஸ் தனி. டிவியில் இணைக்க மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் வேண்டும், வீட்டில் இருக்கும் சாதா கேபிள் சேராது. பை 5-க்கு அதற்கென்று உள்ள 5 வோல்ட் 5 ஆம்ப் சார்ஜரை வாங்குவது நல்லது, பழைய போன் சார்ஜரை மாட்டினால் கரண்ட் போதவில்லை என்று திரையில் எச்சரிக்கை வரும். அணைக்கும்போது ஸ்விட்சைத் தட்டாமல் ஷட் டவுன் கொடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டில் உள்ளது கெட்டுவிடலாம். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால், பிள்ளை எழுதிய புரோகிராமை ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.