ரெயின்டீர் எதுக்கு? ஆலம்பாடி மாடு பண்ணுவோம்!

மொதல்லயே என் கட்சி என்னன்னு சொல்லிடறேன் மக்களே. கிறிஸ்துமஸுக்கு வீட்டுல சாக்லேட்ல விலங்கு பொம்மை பண்றது நல்ல விஷயம். ஓவன் இல்லாம பண்றது அதைவிட நல்ல விஷயம். ஆனா பாலக்கோட்டுல உட்கார்ந்துகிட்டு எல்லாரும் ரெயின்டீர் மட்டுமே பண்றாங்களே, அதுதான் எனக்கு ஒத்துவரலை. இந்தப் பதிவு முழுக்க அதைப் பத்தின புலம்பல்தான். நடுவுல செய்முறையும் வரும், பயப்படாதீங்க.

ஓவன் விஷயத்தை முதல்ல முடிச்சிடுவோம். இணையத்துல "பேக் பண்ணாத" இனிப்புன்னு தேடினா, என்னமோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதியிருப்பாங்க. நம்ம வீட்டுல எதை பேக் பண்ணியிருக்கோம்? ரவா லாடு, பொரிவிளங்கா உருண்டை, எள்ளுருண்டை, மைசூர்பாகு, எல்லாமே பேக் பண்ணாததுதான். வெள்ளைக்காரனுக்கு அது சுலபமான மாற்று வழி, நமக்கு அதுதான் நேர்வழி. ஆனாலும் கிறிஸ்துமஸ்னா கேக், கேக்குன்னா ஓவன்னு ஒரு கணக்கு மனசுல உக்காந்துடுச்சு. அதனால வீட்டுல எதுவும் பண்ணாம, பேக்கரியில ஒரு கிலோ பிளம் கேக் வாங்கி வெட்டி, பக்கத்து வீடுகளுக்குத் தட்டுல வச்சு அனுப்பிடறோம். தீபாவளிக்கு அந்த வீட்டுலேர்ந்து நமக்கு வர்றது கையால சுட்ட அதிரசம். நாம திருப்பி அனுப்புறது கடைத் துண்டு. எனக்கு என்னவோ இது கொஞ்சம் கூச்சமா இருக்கு.

விலங்கு உருவத்துல இனிப்புங்கறதும் நமக்குப் புதுசு இல்லை. திருவிழாவுக்குப் போனா, மூங்கில் கம்பு உச்சியில கை தட்டுற பொம்மையோட ஜவ்வு மிட்டாய்க்காரர் நிப்பாரே, ஞாபகம் இருக்கா? ஒரு இழுப்பு இழுத்தா மயில், இன்னொரு இழுப்புல தேள், அப்புறம் கையில ஒட்டி விடுற வாட்ச்! அச்சும் இல்லை, அளவும் இல்லை, ரெண்டு விரல்தான். நம்ம ஊர்லேர்ந்து வடக்கே, ராயக்கோட்டை, ஓசூர்னு ரயில் பிடிச்சுப் போனா கர்நாடகம் வந்துடும். அங்க சங்கராந்திக்கு "சக்கரெ அச்சு"ன்னு ஒண்ணு பண்ணுவாங்க. சர்க்கரைப் பாகை மர அச்சுல ஊத்தி ஆறவிட்டு எடுத்தா யானை, குதிரை, கிளின்னு வரிசையா வரும். எள்ளு, வெல்லம், கடலையோட வீடு வீடா குடுப்பாங்க. பாகுக்குப் பதிலா சாக்லேட் ஊத்தினா அதுதான் இன்னைக்கு நாம பேசுற சமாச்சாரம்!

இப்ப ரெயின்டீர். அது எப்படி கிறிஸ்துமஸ்ல நுழைஞ்சதுன்னு தேடிப் பார்த்தேன். செம சுவாரசியம். 1823ல நியூயார்க் மாநிலத்துல ஒரு செய்தித்தாள்ல வந்த கவிதையில சாண்டாவோட வண்டியை எட்டு ரெயின்டீர் இழுத்துட்டு வருது. அந்த சிவப்பு மூக்கு ருடால்ப் வந்தது இன்னும் லேட். 1939ல. சிகாகோவுல மான்ட்கமரி வார்டுன்னு ஒரு பெரிய கடை. கிறிஸ்துமஸுக்கு வர்ற குழந்தைகளுக்கு இலவசமா குடுக்க, அங்க விளம்பரம் எழுதிட்டிருந்த ராபர்ட் மே என்பவரை ஒரு குட்டிப் புத்தகம் எழுதச் சொன்னாங்க. அதுல பிறந்தவர்தான் ருடால்ப். முதல் வருஷமே 24 லட்சம் பிரதி குடுத்தாங்களாம். அதாவது நம்ம ஊர்ல தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்காரர் காலண்டர் குடுப்பாரே, அந்த மாதிரி விஷயம். (இன்னொரு கூத்து: ஆண் ரெயின்டீருக்கு டிசம்பர் வாக்கிலேயே கொம்பு உதிர்ந்துடும். பெண்ணுக்குத்தான் குளிர்காலம் பூரா கொம்பு இருக்கும். அப்ப ருடால்ப்...? சரி விடுங்க.)

விளம்பரத்துல வந்ததால ருடால்ப் மேல எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. பாவம், நல்ல கதை. குழந்தைங்க கேட்டா பண்ணிக் குடுங்க, கீழே அதுக்கும் வழி சொல்றேன். ஆனா குடில்ல நிக்கிற மாட்டையும் கழுதையையும் ஆட்டையும் விட்டுட்டு, கடைக்காரன் குடுத்த மானை மட்டும் பிடிச்சுக்கறது என்ன நியாயம்?

குடில்ல மாடு இருக்கறதுக்கும் ஒரு கதை இருக்கு. லூக்கா நற்செய்தியில தீவனத் தொட்டி மட்டும்தான் வருது. மாடோ கழுதையோ நின்னதா ஒரு வரி கிடையாது. 1223ல இத்தாலியில கிரெச்சோங்கற ஊர்ல அசிசி பிரான்சிஸ், நிஜ மாட்டையும் நிஜ கழுதையையும் கொண்டு வந்து நிறுத்தி, வைக்கோல் போட்டு, ஜனங்களுக்குக் காட்டினார். 800 வருஷமா ஊர் ஊராக் குடில் வைக்கிற பழக்கம் பரவ அதுதான் பெரிய காரணம். அவர் எங்கிருந்தோ மாட்டை வரவழைக்கலை. அந்த ஊர்ல இருந்த மாட்டைத்தான் நிறுத்தினார். நம்ம ஊர்க் குடில்லயும் நம்ம ஊர் மாடு நின்னா என்ன?

நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு மாடு இருக்கே! ஆலம்பாடி. பல பேருக்கு காங்கேயம் தெரியும், புலிக்குளம் தெரியும், ஜல்லிக்கட்டு புண்ணியத்துல. ஆலம்பாடின்னா முழிப்பாங்க. பென்னாகரம் பக்கத்து காட்டுப்பகுதி மாடு. கருஞ்சாம்பல் உடம்பு, நெத்தியில வெள்ளைத் திட்டு, நீளமா பின்னாடி வளைஞ்ச கொம்பு. உழவுக்குப் பேர் போனது. டிராக்டர் வந்தப்புறம் எண்ணிக்கை குறைஞ்சு போச்சு. அதைக் காப்பாத்த நம்ம பக்கத்துல இருக்கிற காரிமங்கலத்துலயே அரசாங்கம் ஆராய்ச்சி மையம் வச்சிருக்கு. சாக்லேட் கலரும் அந்த மாட்டுக் கலரும் பக்கத்துப் பக்கத்துல நிக்கும்னு நான் சொன்னா நம்பணும். மூணு வாரத்துல மாட்டுப் பொங்கலும் வந்துடும், கொம்புக்குப் பெயின்ட் அடிக்கறதை இப்பவே ஒத்திகை பார்த்த மாதிரியும் ஆச்சு.

சரி, செய்முறை. உள் உருண்டைக்கு ரெண்டு வழி.

முதல் வழி பிஸ்கட். மாரி பிஸ்கட் 200 கிராம் மிக்ஸியில பொடி பண்ணுங்க. கொக்கோ பவுடர் 3 மேசைக்கரண்டி, உருக்கின வெண்ணெய் 25 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம் (அரை டின்). எல்லாத்தையும் சப்பாத்தி மாவு மாதிரி பிசைஞ்சா 20, 22 உருண்டை வரும். கையில ஒட்டினா இன்னும் கொஞ்சம் பிஸ்கட் பொடி, வெடிச்சா ஒரு ஸ்பூன் பால்.

ரெண்டாவது வழி, என்னோட ஓட்டு இதுக்குத்தான்: ராகி. தருமபுரிக்காரன் ராகி இல்லாம பேச முடியுமா? ராகி மாவை நெய் விட்டு சின்ன தீயில பச்சை வாசனை போய் நல்லா மணம் வர்ற வரைக்கும் வறுக்கணும், அவசரப்பட்டா நாக்குல மாவாவே ஒட்டும். சூடு இருக்கும்போதே பொடிச்ச வெல்லம், கொஞ்சம் கொக்கோ, உருக்கின நெய் சேர்த்துப் பிடிச்சா முடிஞ்சது. பாலக்கோட்டுல சர்க்கரை ஆலையே இருக்கு, கரும்புக்கும் வெல்லத்துக்கும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

மேல் பூச்சுக்கு சாக்லேட். ஒரு பாத்திரத்துல ரெண்டு விரக்கடை தண்ணி கொதிக்கவிட்டு அடுப்பை அணைச்சிடுங்க. மேல இன்னொரு கிண்ணம் வைங்க, அடி தண்ணியைத் தொடக்கூடாது. அதுல சாக்லேட்டை நறுக்கிப் போட்டு காய்ஞ்ச கரண்டியால கிளறணும். காய்ஞ்ச கரண்டின்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ஒரு சொட்டு தண்ணி விழுந்தாக்கூட சாக்லேட் மணல் மாதிரி கட்டி தட்டிப் போயிடும். சாக்லேட்ல இருக்கிற சர்க்கரை அந்த ஈரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, அதான் காரணம். அப்படி ஆனா தூக்கிப் போடாதீங்க. இன்னும் நாலஞ்சு ஸ்பூன் சூடான பால் ஊத்திக் கிளறினா சாஸ் ஆயிடும், தோசைக்குத் தொட்டுக்கலாம் :)

இனிமே விலங்குகள். மாட்டுக்கு உருண்டையைக் கொஞ்சம் நீளமா உருட்டி, சாக்லேட்ல முக்கி, தட்டுல வைங்க. காயறதுக்குள்ள முந்திரியை ரெண்டாப் பிளந்து கொம்பா சொருகுங்க. முந்திரி வளைவு இருக்கே, கொம்புக்குன்னே காய்ச்ச மாதிரி இருக்கும். நெத்தியில தேங்காய்த் துருவல் ஒரு பொட்டு. கழுதைக்கு ரெண்டு முழு பாதாம், நெட்டுக்குத்தலா, காதாச்சு. ஆட்டுக்கு உருண்டை மேல உலர் தேங்காய்த் துருவலைப் புரட்டி எடுத்தா கம்பளி ரெடி, முகம் மட்டும் சாக்லேட். கண்ணுக்கெல்லாம் வெள்ளை ஜீரக மிட்டாய் மேல ஊசி முனையால சாக்லேட் புள்ளி. அமெரிக்காவுல செர்ரிப் பழத்துல எலி பண்ணுவாங்க. நாம பேரீச்சம்பழத்துல பண்ணலாம்: கொட்டையை எடுத்துட்டு உள்ள ஒரு நிலக்கடலை வச்சு மூடி, முக்கி எடுத்து, சீவின பாதாம் காது, நெய்யில வறுத்த சேமியா வால். அட்டகாசமா இருக்கும். ருடால்ப் வேணும்னு அழுற வாண்டுக்கு, அங்க போடுற பிரெட்செல் எல்லாம் தேடி அலைய வேண்டாம். முறுக்கை உடைச்சு ரெண்டு பக்கம் சொருகினா கொம்பு, சிவப்பு ஜீரக மிட்டாய் மூக்கு. உப்பும் காரமும் சாக்லேட்டும் சேர்ந்து, நிஜமாவே நல்லா இருக்கு! (நாலஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளுக்கு முழுப் பருப்பு வச்சதைக் குடுக்காதீங்க, தொண்டையில அடைச்சுக்கும்.)

யானையைத் தனியா சொல்லணும். ராகி உருண்டைக்கு சாக்லேட்ல முக்கவே வேண்டாம், அந்த நிறமே யானை நிறம். கொஞ்சம் மாவை இழுத்துத் தும்பிக்கை, ரெண்டு தட்டையாத் தட்டிக் காது. தந்தம் வைக்காதீங்க. பெண் யானைக்கு வெளிய தெரியுற தந்தம் கிடையாது. நான் ஏன் பெண் யானை பண்றேன்னா, 2023 மார்ச்சுல மாரண்டஅள்ளி பக்கத்துல விவசாய நிலத்துல சட்டவிரோதமாப் போட்ட மின்வேலியில மூணு பெண் யானைங்க செத்துப் போச்சு. கூட வந்த ரெண்டு குட்டி மட்டும் தப்பிச்சு, அம்மாவைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. அதே வாரம்தான் முதுமலை யானைக் குட்டிகளைப் பத்தின ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைச்சு நாடே கொண்டாடிச்சு. பயிர் போனா விவசாயிக்கு வருஷமே போச்சு, அந்த வலி புரியாம பேசலை. ஆனா பாலக்கோட்டுப் பிள்ளைங்களுக்கு வடதுருவ மான் பேரெல்லாம் வரிசையாத் தெரிஞ்சு, பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர்ல நடக்கிற யானை மட்டும் "தொல்லை"யாத் தெரியறது சரியில்லை. ஒரு பெரிய ராகி யானையும் ரெண்டு குட்டியும் பண்ணி குடில் பக்கத்துல வச்சா, பிள்ளைங்க கண்டிப்பா "இது ஏன் இங்க?"ன்னு கேக்கும். சொல்லலாம்.

அப்புறம் சாக்லேட் வாங்குறப்ப கொஞ்சம் கவனம். கேக் சாமான் கடையில கட்டி கட்டியா விலை கம்மியா கிடைக்கிறது பெரும்பாலும் "காம்பவுண்ட்". நிஜ சாக்லேட்ல இருக்கிற கொழுப்பு கொக்கோ வெண்ணெய். அது சுமார் 34 டிகிரியில உருகும், அதனாலதான் வாயில போட்டதும் கரையுது. காம்பவுண்ட்ல அதுக்குப் பதிலா பாமாயில் வகைக் கொழுப்பு. வேலைக்கு அதுதான் சுலபம், சட்டுனு இறுகும், வெயில்ல நிக்கும். நிஜ சாக்லேட்டைச் சும்மா உருக்கி ஆறவிட்டா மேல வெள்ளையாப் பூத்துடும், பளபளப்பா வரணும்னா சூட்டை ஏத்தி இறக்கிப் பதம் பிடிக்கணும். முன்னாடி காம்பவுண்ட்ல டிரான்ஸ் கொழுப்பு பயம் இருந்துச்சு. 2022 ஜனவரியிலேர்ந்து எண்ணெய், கொழுப்பு எல்லாத்துலயும் அது 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அதனால காம்பவுண்ட் விஷம் இல்லை. ஆனா அதை சாக்லேட்னு நினைச்சு ஏமாறாதீங்க, அட்டையில பொருள் பட்டியலைப் படிங்க.

நிஜ சாக்லேட் விலை ஏறினதுக்கும் காரணம் இருக்கு. உலக கொக்கோவுல பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட், கானா ரெண்டே நாட்டுலேர்ந்து வருது. அங்க விளைச்சல் சரிஞ்சு 2024ல ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டிடுச்சு. அந்தத் தோட்டங்கள்ல வேலை செய்யுற குழந்தைங்க சுமார் 15.6 லட்சம்னு 2020ல சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் அமைப்பு கணக்கு சொல்லிச்சு. நம்ம பொள்ளாச்சி தென்னந்தோப்புலயும் கொக்கோ விளையுது. புத்தூர்ல கேம்ப்கோ விவசாயிகள் கூட்டுறவு 1986லேர்ந்து சாக்லேட் ஆலை நடத்துது. முடிஞ்சா அதைப் பார்த்து வாங்குங்க. இல்லைன்னா உள்ள ராகியும் மேல மெல்லிசா சாக்லேட்டும்னு வச்சா, 200 கிராம் கட்டியில ஒரு தெருவுக்கே பண்ணலாம்.

வச்சுக்கறது சுலபம். மார்கழிப் பனியில ராத்திரி தட்டை மூடி ஜன்னல் ஓரம் வச்சாலே இறுகிடும், ஃப்ரிட்ஜ் வேண்டாம். எறும்புக்கு மட்டும் தட்டு அடியில ஒரு தாம்பாளத்துல தண்ணி ஊத்தி வைங்க. பிஸ்கட் உருண்டை நாலு நாள் தாங்கும், ராகி ஒரு வாரம். முறுக்குக் கொம்பு வச்சது மட்டும் அன்னன்னைக்கே தின்னுடணும், மறுநாள் நமத்துப் போய் ருடால்ப் தலை தொங்கிடும்.