பெட்டியில் ‘மிலிட்டரி’, லென்ஸில் என்ன?

அக்கா மகன் ஐ.டி.ஐ. முடித்து கிரில் பட்டறையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கிரைண்டரில் கம்பி அறுக்கும்போது கண்ணில் ஏதோ தெறித்திருக்கிறது. “தூசிதான் மாமா” என்று ராத்திரி முழுக்கக் கசக்கியிருக்கிறான். காலையில் கண் டாக்டர் கருவிழியில் ஒட்டியிருந்த இரும்புத் துகளை எடுத்து, அதைச் சுற்றிப் படிந்திருந்த துருவையும் சுரண்டி எடுத்தார். பார்வைக்குச் சேதமில்லை. “இன்னும் கொஞ்சம் நடுவில் பட்டிருந்தால்...” என்று அவர் இழுத்ததும் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

கண்ணாடி போடவில்லையா என்றேன். போட்டிருக்கிறான். பிளாட்பாரத்தில் வாங்கிய கூலிங் கிளாஸ்!

அடுத்த நாளே போனை நீட்டினான். “இது பாலிஸ்டிக் கண்ணாடி, மிலிட்டரி கிரேடு, 350 ரூபாய்தான்.” பெட்டியில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். லென்ஸின் ஓரத்திலும் ஃபிரேமிலும் பொறித்திருக்கும் குறியைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் தர அளவுப்படி ‘இசட்87+’ என்று இருக்கும். அந்தக் கூட்டல் குறி முக்கியம். கால் அங்குல எஃகுக் குண்டை விநாடிக்கு சுமார் 45 மீட்டர் வேகத்தில் அடித்தும் லென்ஸ் உடையவில்லை என்று அர்த்தம். மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் போட்ட அந்தப் பந்தின் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ‘ஈஎன் 166’ முத்திரையில் இதே வேகத்துக்கு ‘எஃப்’ என்ற எழுத்து. முகத்தோடு ஒட்டி உட்காரும் காகிள்ஸுக்கு ‘பி’ வரை, அதாவது 120 மீட்டர் வரை கிடைக்கும். காதில் மாட்டும் சாதாரண வடிவத்துக்கு ‘எஃப்’தான் உச்சம். அதில் ‘ஏ’ என்று போட்டு விற்றால் சந்தேகப்படுங்கள். நம் நாட்டுத் தரம் ‘ஐஎஸ் 5983’.

நிஜமான ராணுவச் சோதனை வேறு ரகம். அமெரிக்க ராணுவம் சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோகத் துண்டை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் கண்ணாடி மேல் சுடுகிறது. அதுவும் குண்டுச் சிதறலுக்கான காப்புதான். துப்பாக்கித் தோட்டாவைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடி கிடையாது. பட்டறைப் பையனுக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். நிலவுக்குப் போனவர்களின் ஹெல்மெட் கூண்டே அதில்தான் செய்தது. அடி பட்டால் நொறுங்காது. ஆனால் சீக்கிரம் கீறல் விழும். அதனால் கீறல் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். ஐரோப்பிய முத்திரையில் அதற்கு ‘கே’, ஆவி படியாமலிருக்க ‘என்’. நம்மூர் வெயிலில் இந்த ‘என்’னை விட்டுவிடாதீர்கள். வேர்வையில் மங்கும் கண்ணாடியைப் பையன்கள் பத்து நிமிடத்தில் நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள்.

என் மருமகனுக்குத் துகள் நுழைந்தது பக்கவாட்டு இடைவெளி வழியாக. எனவே கடையிலேயே மாட்டிப் பாருங்கள். புருவத்துக்கு மேலும் கன்னப் பக்கமும் சுண்டுவிரல் நுழைந்தால் அது வேண்டாம். பவர் கண்ணாடி போடுபவர்கள் அதன் மேலேயே மாட்டும் பெரிய காகிள்ஸ் வாங்கலாம். வெல்டிங்குக்கு இது எதுவும் உதவாது. அதற்குரிய கறுப்புக் கண்ணாடி தனி.

இரும்புத்தூள் படிந்த லென்ஸை அப்படியே பனியனில் துடைப்பதுதான் அதன் ஆயுளைக் குறைக்கிறது. முதலில் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பு. பெயின்ட் கறை என்று தின்னர் தொடவே கூடாது, பாலிகார்பனேட் வெடிப்பு விட்டுவிடும். பலமாக ஒரு அடி வாங்கிவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கடைசியில் ‘பி’ முத்திரை போட்ட காகிள்ஸ் வாங்கினோம். போன வாரம் பட்டறைப் பக்கம் போனேன். பையன் போட்டிருந்தான். பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த முதலாளிதான் வெறும் கண்ணோடு நின்றார்.