வெள்ளம் வந்தால் போலீஸ் ஆர்டர் பெரிதா, உயிர் பெரிதா?



2021 டிசம்பர் 18, சனிக்கிழமை இரவு. சிலாங்கூரில் விடாத மழை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கிக் கொண்டிருந்த நேரம். வேறொரு தாமானிலிருந்து ஒரு தாய் என் கைப்பேசிக்கு அழைத்தார்.

"சார், தண்ணி மூணாவது படிக்கு வந்திருச்சு. போட் வருதுன்னு சொல்றாங்க. நானும் மகளும் போயிருவோம். பையனை என்ன சார் செய்யிறது? ராத்திரி எட்டு மணிக்கு மேல வீட்டை விட்டு வெளிய வரக் கூடாதுன்னு ஆர்டர்ல போட்டிருக்காங்களே. டேவான் வேற பக்கத்து மாவட்டத்துல இருக்கு."

பையனுக்கு அப்போது 24 வயது. பொக்கா சட்டத்தின் கீழ் போலீஸ் கண்காணிப்பில் இருந்தவன். "அம்மா, உயிர்தான் முதல். அவனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. மற்றதை நான் பார்த்துக்கறேன்" என்றேன். போன் கை மாறியது. பையன் பேசினான்.

"சார், நாளைக்கு உள்ள போறது நீங்க இல்ல, நான்."

அவன் போகவில்லை. தாயும் தங்கையும் படகில் ஏறினார்கள். அவன் மாடி அறையில் இரண்டு இரவு தனியாக இருந்தான். மின்சாரம் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. கடவுள் புண்ணியத்தில் உயிர் பிழைத்தான். ஆனால் அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவனும் அதில் ஒருவனாக இருந்திருக்கலாம். அப்படி நடந்திருந்தால் 'வெள்ளத்தில் மூழ்கி மரணம்' என்றுதான் எழுதியிருப்பார்கள். ஓர் ஆர்டருக்குப் பயந்து உட்கார்ந்திருந்தான் என்பதை எந்தப் படிவத்திலும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

இருபது ஆண்டுகளாக வழக்கறிஞர் தொழிலில் இருக்கிறேன். "பயப்படாதே, சட்டம் உன்னைக் காப்பாற்றும்" என்று அன்று அவனிடம் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அந்த உறுத்தல்தான் இந்தத் தலையங்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொக்கா என்பது 1959-ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டம். 1969-ல் வந்த அவசரகாலச் சட்டத்தின் கீழ் நம் பிள்ளைகள் எத்தனை பேர் சிம்பாங் ரெங்கம் முகாமில் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தார்கள் என்பது பழைய குடும்பங்களுக்குத் தெரியும். அந்த அவசரகாலச் சட்டத்துக்கு அடிப்படையான அவசரகாலப் பிரகடனத்தை 2011-ல் நாடாளுமன்றம் ரத்து செய்தது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் பொக்கா சட்டம் 2013-ல் திருத்தப்பட்டு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது, முன்வாசலில் போனது பின்வாசலில் திரும்பி வந்தது. குற்றத் தடுப்பு வாரியம் ஒருவரை 2 ஆண்டு வரை தடுத்து வைக்கலாம். அல்லது அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி 5 ஆண்டு வரை போலீஸ் கண்காணிப்பில் வைக்கலாம். வாரியம் எடுக்கும் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வேண்டுமானால், நடைமுறைத் தவறு இருந்ததா என்று மட்டுமே கேட்கலாம். பையன் உண்மையில் குற்றம் செய்தானா என்று எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை.

கண்காணிப்பு ஆர்டரில் என்ன இருக்கும்? குறிப்பிட்ட மாவட்டத்துக்குள்தான் வசிக்க வேண்டும். மாநிலப் போலீஸ் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேறு இடத்துக்கு மாறக் கூடாது. எந்த வீட்டில் இருக்கிறோம் என்பதைப் போலீசுக்குத் தெரியப்படுத்த வேண்டும். குறித்த நாளில் பாலாய்க்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். குறித்த மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. சிலருக்குக் காலில் மின்னியல் கண்காணிப்புக் கருவியும் மாட்டப்படும். இவற்றில் ஒன்றை மீறினாலும் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அபராதம் கட்டிவிட்டு வர வழி கிடையாது.

இப்போது வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். வீடு மூழ்கிவிட்டது, ஆகவே 'வசிக்க வேண்டிய வீடு' இல்லை. இரவில் படகு வருகிறது, அப்போது ஊரடங்கு நேரம். துயர் துடைப்பு மையம் வேறு மாவட்டத்தில். பாலாயே தண்ணீரில் நிற்கிறது, எங்கே போய்க் கையெழுத்துப் போடுவது? கரண்ட் இல்லை, கால் கருவிக்கு எப்படிச் சார்ஜ் ஏற்றுவது? ஒரே இரவில் ஒருவன் நான்கு ஐந்து நிபந்தனைகளை மீறியவன் ஆகிறான். வானம் செய்த குற்றத்துக்கு அவன் கணக்குச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா கற்றுத் தந்த பாடம்

இது நம் நாட்டில் மட்டும் உள்ள சிக்கல் அல்ல. அமெரிக்காவில் பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் இருக்கும். முகவரி மாறினால் சட்டம் குறித்த நாட்களுக்குள் அதிகாரிகளிடம் நேரில் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவில் இந்தக் கெடு 48 மணி நேரம். 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, பதிவேட்டில் இருந்தவர்களும் மற்றவர்களோடு பல மாநிலங்களுக்குச் சிதறிப் போனார்கள். யார் எங்கே இருக்கிறார் என்று அதிகாரிகளுக்கே தெரியவில்லை.

2017 செப்டம்பரில் இர்மா புயல் வந்தபோது ஃபுளோரிடாவின் போல்க் மாவட்டப் போலீஸ் தலைமை, புயல் காப்பகங்களில் அடையாள அட்டையைச் சோதிப்போம் என்று அறிவித்தது. பிடியாணை உள்ளவர்கள் சிறைக்குக் கொண்டு போகப்படுவார்கள், பதிவேட்டில் உள்ள பாலியல் குற்றவாளிகளுக்குக் காப்பகத்தில் இடமில்லை என்றது. பெரும் சர்ச்சை எழுந்தது. அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? அபராதம் கட்டாத ஏழையும், பழைய பிடியாணை உள்ளவனும், அவனோடு அவன் மனைவி பிள்ளைகளும் காப்பகத்துக்கு வராமல் வீட்டிலேயே புயலைச் சந்திப்பார்கள்.

ஆனால் அதே அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. 2006-ல் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டத்தின்படி, பதிவேட்டு விதியை மீறியதாக வழக்குப் போடப்பட்டால் எதிரி மூன்று விஷயங்களைக் காட்டித் தப்பிக்கலாம். ஒன்று, தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலை தன்னைத் தடுத்தது. இரண்டு, அந்தச் சூழ்நிலையைத் தான் பொறுப்பில்லாமல் உண்டாக்கவில்லை. மூன்று, அது நீங்கியவுடன் தாமதிக்காமல் விதிக்குக் கீழ்ப்படிந்தேன். எவ்வளவு எளிமை! அரசுக்கும் நட்டமில்லை, மனிதனுக்கும் சாவில்லை.

நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களுக்கே அங்கே இந்த வழி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லாத நம் பையன்களுக்குப் பொக்கா 15-ஆம் பிரிவில் அப்படித் தனி விலக்கு இல்லை.

நமக்கு உள்ள பாதுகாப்பு எது?

முழுக்க நிராயுதபாணி என்று சொல்லமாட்டேன். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 81-ஆம் பிரிவு இருக்கிறது. குற்ற நோக்கம் இல்லாமல், உயிருக்கோ உடைமைக்கோ வரவிருக்கும் தீங்கைத் தவிர்க்க நல்லெண்ணத்தோடு செய்த செயல், வேறு தீங்கு விளைவிக்கக் கூடியது என்று தெரிந்திருந்தாலும், அதனால் மட்டும் குற்றமாகாது என்கிறது அது. இந்தப் பொது விலக்குகள் மற்ற சட்டங்களின் கீழ் வரும் குற்றங்களுக்கும் பொருந்தும் என்பதை 40-ஆம் பிரிவு காட்டுகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி உயிருக்குப் பாதுகாப்பு தருகிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். 81-ஆம் பிரிவு வழக்கு போட்ட பிறகு எடுக்க வேண்டிய கேடயம். சாட்சியச் சட்டம் 105-ஆம் பிரிவின்படி அதை நிரூபிக்கும் சுமை எதிரியின் தலையில்தான். கைது, லோக்காப், வழக்குச் செலவு, வேலை பறிபோவது எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும். அந்தப் பையன் பயந்ததில் நியாயம் இருந்தது.

'குற்றவாளிகளுக்கு ஏன் பரிந்து பேசுகிறீர்கள்?'

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நம் சமுதாயத்திலேயே கேட்பார்கள். மையத்தில் பெண்களும் குழந்தைகளும் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அவர்கள் பாதுகாப்பு முக்கியமில்லையா?

முக்கியம்தான். குழந்தைகள் மேல் கை வைத்தவனைக் குழந்தைகள் படுக்கும் மண்டபத்தில் விடச் சொல்லவில்லை. தனி அறை கொடுங்கள், போலீஸ் காவல் போடுங்கள், வேறு கட்டடத்துக்கு அனுப்புங்கள். தண்ணீரில் விடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். மையத்துக்கு வந்து பெயர் கொடுப்பவன் எங்கே இருக்கிறான் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். பயந்து ஒளிபவன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கண்காணிப்பின் நோக்கமே ஒருவன் இருக்குமிடம் தெரிய வேண்டும் என்பதுதானே? அவனை வராமல் துரத்தினால் அந்த நோக்கமே கெடுகிறது.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

சட்டம் மாறும் வரை நாம் கையைக் கட்டிக் கொண்டிருக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அதற்கு முன்பே இவற்றைச் செய்யுங்கள்.

1. ஆர்டரை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். மலாய் புரியாவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுங்கள். எந்த மாவட்டம், எந்த மணி, எந்த நாள் கையெழுத்து என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஆர்டரின் நகலை ஐ.சி.யோடு பிளாஸ்டிக் பையில் வையுங்கள்.

2. மாவட்டப் போலீஸ் தலைவருக்கு இப்போதே கடிதம் கொடுங்கள். "எங்கள் வீடு வெள்ளப் பகுதியில் உள்ளது. வெள்ளம் வந்தால் இந்த மையத்துக்கு அல்லது இந்த உறவினர் வீட்டுக்குப் போவோம், அனுமதி தாருங்கள்" என்று முகவரியோடு எழுதுங்கள். மாநிலப் போலீஸ் தலைவருக்கும் நகல் அனுப்புங்கள். உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான 'சோப்' குத்தி வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டாலும் அந்தச் சோப் நாளை நீதிமன்றத்தில் பேசும்.

3. தண்ணீர் ஏறினால் போய்விடுங்கள். உயிர் போனால் எந்த வழக்கறிஞரும் மேல்முறையீடு செய்ய முடியாது. கிளம்பும் முன் கண்காணிக்கும் அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் எங்கே போகிறோம் என்று அனுப்புங்கள். லைன் இல்லாவிட்டாலும் அனுப்ப முயன்றது போனில் பதிவாகும். தண்ணீர் ஏறிய வீட்டைப் படம் எடுங்கள்.

4. மையத்தில் சொந்தப் பெயரில், சொந்த ஐ.சி.யில் பதிவு செய்யுங்கள். வேறு பெயர் கொடுத்தால் நல்லெண்ணம் என்ற வாதம் அங்கேயே செத்துவிடும்.

5. முடிந்த உடனே அருகில் உள்ள எந்தப் பாலாயிலாவது ரிப்போர்ட் செய்யுங்கள். உங்கள் பகுதிப் பாலாய்தான் வேண்டும் என்பதில்லை. ரிப்போர்ட் நகலை வாங்கி வையுங்கள்.

6. கால் கருவியை வெட்டவோ கழற்றவோ கூடாது. மழை எச்சரிக்கை வந்ததும் முழுச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். கரண்ட் போனால் எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி வையுங்கள்.

7. தண்ணீர் வடிந்தவுடன் அன்றே திரும்பி, உங்கள் பாலாயில் போய் நில்லுங்கள். 'அவர்களே கூப்பிடட்டும்' என்று காத்திருக்காதீர்கள். கைது செய்தால், வழக்கறிஞரிடம் பேசாமல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். பணம் இல்லாதவர்கள் யாயாசான் பந்துவான் குவாமான் கெபங்சாஆன் என்ற தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தைக் கேளுங்கள்.

பரோலில் வந்தவர்கள், ஜாமீனில் இருப்பவர்கள், போதைப்பொருள் கண்காணிப்பில் உள்ளவர்கள் ஆகியோருக்கும் இதே முறைதான். கடிதம் போக வேண்டிய அதிகாரி மட்டும் வேறு.

நாம் கேட்பது

உள்துறை அமைச்சும் போலீஸ் தலைமையகமும் ஒரு நிரந்தர உத்தரவு போடட்டும்: பேரிடரில் உயிர் காக்க வெளியேறி, உடனே தெரியப்படுத்தியவர் மீது வழக்கு இல்லை என்று. ஒவ்வொரு துயர் துடைப்பு மையத்திலும் இவர்கள் தங்கள் இருப்பைப் பதிவு செய்ய ஒரு போலீஸ் அதிகாரி இருக்கட்டும். 15-ஆம் பிரிவில் விலக்கு எழுதப்படட்டும். இவை பேரிடருக்கான மருந்து. நோய்க்கான மருந்து வேறு. குற்றம் செய்தான் என்றால் நீதிமன்றத்தில் நிறுத்தி நிரூபியுங்கள், இல்லையென்றால் விடுங்கள். பொக்கா போகும் வரை அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.

அந்தப் பையனின் கண்காணிப்புக் காலம் முடிந்துவிட்டது. இப்போது லோரி ஓட்டுகிறான். மழை பெய்தால் இன்னும் தூங்குவதில்லை என்று அவன் தாய் சொல்கிறார். உங்கள் தாமானில், உங்கள் அடுக்குமாடியில் இப்படி ஒரு பையன் இருப்பான். இந்தத் தலையங்கத்தை அச்செடுத்து அவன் தாயிடம் கொடுங்கள். அடுத்த மழைக்கு முன் அந்தக் கடிதம் பாலாய்க்குப் போய்ச் சேரட்டும்.

– ஆசிரியர்